நடை வேகத்தில் நிற்காத கார்

வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களே, உங்கள் கையிலிருக்கும் ஸ்கேனரைச் சற்று நேரம் மேசையில் வையுங்கள். யாரும் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்கள். காரில் அதைச் சொருகுகிறீர்கள், ஓர் எண் வருகிறது, அந்த எண்ணுக்குரிய சாமானைக் கழற்றிப் புதியதைப் பூட்டுகிறீர்கள், விளக்கு அணைகிறது. இதற்குப் பழுது கண்டுபிடிப்பது என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர்தான் அதை எழுதியவரும் என்று நினைப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

எங்கள் காலத்தில் ஸ்கேனர் இல்லை. அதனால் நாங்கள் அறிவாளிகளாக இருந்தோம் என்று நான் சொல்லப்போவதாகப் பயப்பட வேண்டாம். இன்று ஓர் இயந்திரம் உங்களுக்குத் தருகிற தவறான விடையை அன்று நாங்கள் சொந்த முயற்சியில் எட்டினோம். அவ்வளவுதான்.

நுவரெலியாவில் நெடுங்காலம் கராஜ் வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கை ‘பாஸ்’ என்பார்கள். மற்ற பாஸ்மாருக்கு இல்லாத ஒரு கீர்த்தியும் எனக்கு இருந்தது: புத்தகம் வாசிக்கிற பாஸ். நான் வாசித்த நாவல்களில் பக்கத்துக்குப் பக்கம் கிரீஸ் கைரேகை இருக்கும். மனித மனத்தின் ஆழங்களைப் பற்றி அவ்வளவு வாசித்தவன், எதிரே நின்று பேச வந்த ஒரு மனிதனை ஒரு வாக்கியத்தை முடிக்க விடவில்லை. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஜப்பானில் ஓடிக் களைத்த கார்கள் கப்பலேறி வந்து, இங்கே புதுக் கார் என்ற மரியாதையோடு மலையேறத் தொடங்கியிருந்தன. கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்த பெரிய தொரைக்கும் அப்படி ஒன்று வந்தது. வெள்ளை நிறம். அதில் ஏ.பி.எஸ். இருந்தது. ஈர ரோட்டில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும் அல்லவா, அப்படிப் பூட்டுவதற்குள் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கிற ஏற்பாடு. ஒவ்வொரு சக்கரமும் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று பார்த்துச் சொல்ல, சக்கரத்துக்கு ஒரு சென்சர். நாலு சென்சரும் சொல்வதைக் கேட்டு ஒரு கணினிப் பெட்டி முடிவெடுக்கும். தொரை இதைக் கிளப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதில் கரைகண்டவன்போல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் தெரிந்தது ஏறக்குறைய ஒரே அளவு.

காரை ஓட்டியவர் சிவனு. ஐம்பதை நெருங்குகிறவர். மலையில் மண்வெட்டியோடு தொடங்கி, லொறிக் கிளீனராகி, லொறி டிரைவராகி, கடைசியில் தொரையின் காருக்கு வந்தவர். அந்த வேலையோடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வெளியே ஒரு தனி வீடும், அதற்கென்று ஒரு தண்ணீர்க் குழாயும் கிடைத்திருந்தன. வேலை போனால் வீடு போகும், மறுநாள் காலை மறுபடியும் மண்வெட்டி.

தோட்டத்து வாகனங்கள் என் கராஜுக்கு வருகிற முறையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என்ன பழுது என்று டிரைவர் தோட்ட ஆபீசில் சொல்லுவார். அங்கே பெரிய கிளாக்கர் அதைக் கேட்டு, தேவையில்லாததை நீக்கி, ஒரு துண்டில் ஒரு வரி எழுதி, முத்திரை குத்திக் கொடுப்பார். துண்டில் உள்ளதை நான் பார்ப்பேன். துண்டில் இல்லாததைப் பார்த்தால் அது என் குற்றமாகும். டிரைவரின் வேலை, எங்கள் பேச்சில் திறப்பு என்கிற வண்டிச் சாவியையும் துண்டையும் கொடுத்துவிட்டு எதிர்க்கடையில் போய் உட்காருவது. டிரைவரோடு பழுதைப் பற்றிப் பேசுவது எங்கள் தொழிலில் ஒரு கௌரவக் குறைச்சல். நோயாளியிடம் கேட்காமல் நோயாளியின் மாமனாரிடம் கேட்டு மருந்து கொடுக்கிற வைத்தியம் இது. நாங்கள் எல்லோரும் இதை வெகு சிறப்பாகச் செய்துவந்தோம்.

அன்று சிவனு கொண்டுவந்த துண்டில் ‘பிரேக்கைப் பரிசோதிக்கவும்’ என்று இருந்தது.

சிவனு திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். “பாஸ், மெதுவா போகயில ஒரு மாதிரியா…”

“துண்டு இருக்குல்ல?”

“இருக்குங்க. ஆனா துண்டுல கிளாக்கரய்யா…”

“போய் டீ குடிங்க சிவனு. நான் பாத்துக்கிறேன்.”

பார்த்தேன். குதிரைப் பந்தயத் திடலை ஒட்டிய நேர் ரோட்டில் காரை விரட்டிக்கொண்டு போய், நடு ரோட்டில் மிதித்தேன். கார் குத்திட்டு நின்றது. நிற்கிற கடைசிக் கணத்தில் பாதத்தின் அடியில் ஒரு சின்ன உதறல். ‘ஆகா, ஜப்பான்காரன் மூளை!’ என்று மெச்சினேன். காய்ந்த ரோட்டில், சக்கரம் எதுவும் வழுக்காதபோது, அந்த ஜப்பான்காரன் மூளை எதற்காக வேலை செய்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் மெச்சினேன். துண்டின் பின்பக்கத்தில் ‘பிரேக் நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஒரு வாரம் போயிருக்கும். காலைப் பெரட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரம். நூற்றுக்கணக்கான பேர் கூடையும் மண்வெட்டியுமாகக் களத்தில் நிற்கிறார்கள். கொழுந்து குறைந்துவிட்டது என்று திட்டுவதற்காகத் தொரை நேரில் வருகிறார். கார் சரிவில் ஆள் நடக்கிற வேகத்தில் இறங்கி வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி, அதே நிதானத்தோடு இன்னும் ஆறடி போய், கொழுந்து நிறுக்கும் தராசுக் கம்பத்தில் முட்டியது. கம்பம் சாய்ந்தது. தராசுத் தட்டு தொரையின் கதவருகே வந்து விழுந்தது. அடிபட்டவர் யாருமில்லை. வேகமாக வந்து மோதியிருந்தால் ‘ஐயோ’ என்று கத்தியிருப்பார்கள். இது இவ்வளவு மெதுவாக நடந்ததால் சிரித்துவிட்டார்கள். பெண்கள் வரிசையில் ஒருத்தி, “தொரை கொழுந்து நிறுக்க வந்துட்டாருடி!” என்றாளாம். களம் முழுக்கச் சிரிப்பு.

தொரைமார் காரில் விழுந்த பள்ளத்தை மன்னிப்பார்கள், உடைந்த விளக்கை மன்னிப்பார்கள். சிரிப்பை மன்னித்த ஒரு தொரையை நான் பார்த்ததில்லை. அன்று மத்தியானமே சிவனுவுக்குக் கடிதம் போனது: குடிபோதையில் வாகனம் செலுத்தியது, வேலை இடைநிறுத்தம், வெள்ளிக்கிழமை விசாரணை. சாட்சியாக ஒரு துண்டு இணைக்கப்பட்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் அழகான கையெழுத்து.

முன் பம்பர் நெளிந்த காரை வேறொரு டிரைவர் கொண்டுவந்து என் கராஜில் விட்டுப் போனார். மறுநாள் காலை சிவனு பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் பம்பரைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“என்ன சிவனு, காலையிலயேவா ஏத்திக்கிட்டீங்க அன்னைக்கு?” என்றேன். பகிடி விட்டேனாம், சிரிப்பதற்கு.

“நான் குடிக்கிறவன்தாங்க பாஸ்,” என்றார் சிவனு. “ஊருக்கே தெரியும். சம்பள நாள்ல குடிப்பேன். திருவிழாவுக்குக் குடிப்பேன். அன்னைக்குக் குடிக்கல.”

“அப்ப கார் ஏன் போச்சு?”

“அதத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன். டீ குடிக்கப் போகச் சொன்னீங்க.”

நான் ஸ்பேனரைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

“வெரசா போயி மிதிச்சா நிக்குதுங்க,” என்றார். “நடக்குற மாதிரி போகயில மிதிச்சா, கர்ருன்னு ஒரு சத்தம், கால மேல தள்ளுது, கார் கொஞ்சம் போயிதான் நிக்குது. எப்பவும் இல்ல, பத்துக்கு நாலு தடவ. எவ்ளோ நாளா கைபிரேக்க இழுத்து இழுத்துச் சமாளிச்சேன். அன்னைக்குத் தொரை பின்னாடி இருந்து ஏதோ கேட்டாரு, திரும்பினேன், கை பிந்திப்போச்சு. கிளாக்கரய்யாகிட்ட இம்புட்டையும் சொன்னேன். அவரு ஒரு வரி எழுதினாரு.”

“நான் ஓட்டிப் பார்த்தேனே. நல்லாத்தானே இருந்திச்சு.”

“எம்புட்டு வேகத்துல பாத்தீங்க?”

சிவனு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வாங்க,” என்றார்.

கராஜுக்குப் பின்னால் லீக்ஸ் பாத்திகளுக்கு இறங்குகிற ஒரு சரிவுப் பாதை இருக்கிறது. என்னைக் காரில் ஏறச் சொன்னார். தான் ஏறவில்லை. காரின் முன்னால், மூன்று முழ தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“நான் நடக்கிறேன். என் பின்னாடியே வாங்க. நான் நின்னதும் மிதிங்க.”

“பைத்தியமா உங்களுக்கு? தள்ளி நில்லுங்க!”

“பிரேக் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தீங்கதானே,” என்றார், திரும்பாமலே. “அப்புறம் என்னாங்க பயம்?”

நடந்தார். பின்னால் உருட்டினேன். நின்றார். மிதித்தேன். நின்றது. மறுபடி நடந்தார், நின்றார், மிதித்தேன். நின்றது. ‘பார்த்தீர்களா’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூன்றாம் முறை மிதித்தபோது பாதத்தின் கீழே ஏதோ உயிருள்ள பிராணி உதைத்தது. கர்ரென்று சத்தம். என் காலின் பாரம் முழுவதும் பெடலில் இருக்க, கார் தன்பாட்டில் போனது. கைபிரேக்கை இழுப்பதற்குள் பம்பர் இல்லாத முன்பக்கம் சிவனுவின் முழங்காலின் பின்னே தட்டி, அவர் அப்படியே பொனட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு தலையை மட்டும் திருப்பி, “குடிச்சிருக்கீங்களா பாஸ்?” என்றார்.

அதற்கப்புறம் பழுதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகவில்லை. உங்களுக்கு வகுப்பில் சொல்லித்தந்திருப்பார்கள்: அந்தக் காலத்துச் சென்சருக்குள் இருப்பது ஒரு காந்தமும் கம்பிச் சுருளும்தான். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பற்சக்கரம் அதன் முன்னால் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு பலமாகச் சைகை வரும். மெதுவாகச் சுற்றினால் மெலியும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடினால் இன்னும் மெலியும். ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிக் கையால் சுற்றி மீட்டரில் பார்த்தேன். மூன்றில் முள் துள்ளியது. முன் இடது சக்கரத்தில் முள் தூங்கியது. ஆக, கார் நடை வேகத்துக்கு இறங்கியதும் அந்தச் சக்கரத்திலிருந்து சைகையே வராது. மூன்று சக்கரம் சுற்றுகிறது, ஒன்று நின்றுவிட்டது, வழுக்குகிறது என்று கணினிப் பெட்டி முடிவெடுத்து, அதன் பிரேக்கை விட்டுவிடும். வேகமாகப் போகும்போது எல்லாம் ஒழுங்கு. அதனால் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.

சென்சர் பழுது என்று சொல்லிக்கொண்டே கழற்றினேன். சென்சரில் ஒரு பழுதும் இல்லை. அதன் கீழே, அது உட்காரும் இடத்தில், அதைப் பற்சக்கரத்திலிருந்து விலக்கித் தூக்கிக்கொண்டு ஒரு தகரத் துண்டு இருந்தது. தேயிலைப் பெட்டியின் விளிம்பில் அடிக்கிற தகரம். போல்ட்டுக்காக அரைவட்டமாக வெட்டி, பிறகு குறட்டால் பிடித்து இழுக்க வசதியாக ஒரு மூலை மடித்துவிடப்பட்டிருந்தது. அப்படி மூலை மடிக்கிற ஆள் இந்த மலைநாட்டில் ஒருவன்தான். அவன் புத்தகமெல்லாம் வாசிப்பான்.

மூன்று மாதத்துக்கு முன் அந்தச் சக்கரத்துக்குப் பெயாரிங் மாற்றியது நினைவுக்கு வந்தது. பூட்டிச் சுற்றும்போது சென்சரின் நுனி பற்சக்கரத்தில் லேசாக உராய்ந்தது. புதுப் பெயாரிங்கை நான் சரியாக இறக்காததால் வந்த உராய்வு. மறுபடி கழற்றி ஒழுங்காக இறக்கியிருக்க வேண்டும். மழை, குளிர், பசி. எங்கள் பக்கத்துக் கராஜ்களில் எது ஆடினாலும் எது உராய்ந்தாலும் தேயிலைப் பெட்டித் தகரம் ஒரு துண்டு வெட்டிச் செருகுவோம். லொறிக் கதவுக்கு அது போதும். ஏ.பி.எஸ். சென்சருக்கும் போதும் என்று நினைத்த மேதை நான்.

சிவனு அந்தத் தகரத்தைப் பார்த்தார். அவருக்கு நான் ஒன்றும் விளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவருக்குத் தேயிலைப் பெட்டித் தகரத்தைத் தெரியாதா? பெயாரிங் மாற்ற அந்தக் காரை என்னிடம் கொண்டுவந்தவரும் அவர்தான்.

பெயாரிங்கை ஒழுங்காக இறக்கி, தகரமில்லாமல் சென்சரைப் பூட்டினேன். பாதையில் இருபது தடவை ஓட்டிப் பார்த்தோம். இருபது தடவையும் நின்றது.

வெள்ளிக்கிழமை காரை நானே ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வழி நெடுக ஒரு யோசனை. சென்சர் பழுது என்று சொன்னால் போதாதா? சிவனு தப்புவார். நானும் தப்புவேன். பழி ஜப்பானுக்குப் போகும். ஜப்பான் தாங்கும். இவ்வளவு நியாயமான ஒரு பொய் வாழ்க்கையில் அடிக்கடி கிடைக்காது. தகரத் துண்டு சட்டைப் பையில் இருந்தது. ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்காதீர்கள். எறியவும் மனமில்லை.

தோட்ட ஆபீசில் தொரை மேசைக்குப் பின்னால். பக்கத்தில் பெரிய கிளாக்கர், யாழ்ப்பாணத்தவர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சிவனு கதவோரம் நின்றார். உட்காரச் சொல்லவில்லை. எனக்கு நாற்காலி கிடைத்தது.

“சொல்லுங்க பாஸ்,” என்றார் தொரை. சிங்களவர், தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார்; ‘சரி’க்கு மட்டும் சிங்கள ‘ஹரி’ வந்துவிடும். “ஒங்க கடதாசி பிரேக் நல்லம்னு சொல்லுது. அப்ப இவன் குடிச்சிருக்கான். ஹரிதானே?”

“இல்ல சேர். இப்ப கழட்டிப் பாத்தேன். முன் சக்கரத்துச் சென்சர் பழுது. அதாலதான் கார் நிக்கல. டிரைவர்ல பிழையில்ல.”

என் குரல் எனக்கே கம்பீரமாகக் கேட்டது. தொரை யோசித்தார். ஜப்பானைக் குறை சொல்வதில் அவருக்கும் ஆட்சேபம் இருந்திருக்காது. கிளாக்கர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

“ஒரு விளக்கம் கேட்கலாமோ?” என்றார். காரோடு வந்த ஜப்பானியக் கையேட்டைப் பயனில்லை என்று ஒதுக்கிவிட்டு, கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு பிரதி எடுப்பித்து வைத்திருந்தார். அதில் ஒரு பக்கத்துக்கு அடையாளமும் வைத்திருந்தார். “சென்சர் பழுதாப் போனால் முன்னுக்கு மஞ்சள் விளக்கு எரியும் எண்டு இதிலை கிடக்கு. எரிஞ்சால் உடனை காட்ட வேணும் எண்டும் கிடக்கு. நீர் சென்சர் பழுது எண்டு சொல்லுறீர். அப்ப விளக்கு எரிஞ்சிருக்க வேணும். எரிஞ்ச விளக்கைப் பாத்துக்கொண்டு இவர் தொரையை ஏத்தி ஓடினவர். விளக்கைப் பற்றி என்னட்டை ஒரு சொல்லும் சொல்லேல்லை. இது குடிச்சதிலும் பாரதூரம் காணும்.”

தொரையின் முகம் தெளிந்தது. “ஆ! ஹரி!” என்றார். பேனையை எடுத்தார்.

நான் சிவனுவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் அங்கேதான் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ‘தகரத்தைக் கேளுங்க தொரை’ என்று. சொல்லவில்லை. அவர் சொன்னால் எடுபடாது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கதவோரம் நிற்கிறவனின் சொல்லுக்கும் நாற்காலியில் இருக்கிறவனின் சொல்லுக்கும் உள்ள நிறை வித்தியாசத்தை அவர் தராசில்லாமலே அறிந்தவர்.

தொரை எழுதத் தொடங்கினார். முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரி பாதியில் இருக்கும்போது தகரத்தை எடுத்து அவருடைய கடதாசியின்மேல் வைத்தேன்.

“என்னா இது?”

“தேயிலைப் பெட்டித் தகரம் சேர். சென்சர் நல்லா இருக்கு, அதுக்குக் கீழ நான் இத வச்சேன். விளக்கு எரியாது. டிரைவர் கிளாக்கரய்யாகிட்ட சொன்னாரு, எங்கிட்டயும் சொல்ல வந்தாரு. நான் கேக்கல. அந்தத் துண்டுல எழுதினதும் பிழை.”

கிளாக்கர் கையேட்டை மூடினார். தன்னிடம் சொன்னது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு மேசை லாச்சியை இழுத்து எதையோ தேடத் தொடங்கினார். தொரை தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் தோட்டத்துப் பெட்டியா என்று பார்த்தாரோ என்னவோ. பிறகு என்னை நோக்கிச் சில வார்த்தைகள் சொன்னார். மூன்று மொழிகளில் சொன்னார். இனி அந்தத் தோட்டத்து வாகனம் ஒன்றுகூட என் கராஜ் வாசலை மிதிக்காது என்பது அதன் சுருக்கம். மிதிக்கவுமில்லை.

சிவனுவுக்கு அந்தக் கடதாசியைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினார்கள். அதில் மன்னிப்பு இல்லை. ‘இனிமேல் அவதானமாக ஓட்டுமாறு எச்சரிக்கப்படுகிறீர்’ என்று இருந்தது. தொரைமார் ஒரு முடிவிலிருந்து இதற்குமேல் பின்வாங்குவதில்லை. ஆனாலும் திறப்பு அவர் கைக்கு வந்தது. வீடும் தண்ணீர்க் குழாயும் அதோடு வந்தன.

நான் காரை விட்டுவிட்டதால் திரும்பிப் போக வழியில்லை. “இந்த ஆளை மெயின் ரோட்டுல எறக்கி விட்டுட்டு வா,” என்றார் தொரை, என்னைப் பார்க்காமல்.

சிவனு ஓட்டினார். நான் முன்னால் பக்கத்து இருக்கையில். வளைவுக்கு வளைவு பிரேக்கை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். அவர் நன்றி சொல்வார் என்று நான் காத்திருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், உண்மையாகவே காத்திருந்தேன். நன்றி சொன்னதும் ‘அதெல்லாம் எதுக்கு சிவனு’ என்று பெருந்தன்மையோடு சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட மனதில் அடுக்கி வைத்திருந்தேன்.

சந்திக்குக் கொஞ்சம் முன்னால் வேகத்தைக் குறைத்து, ஆள் நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்து, மிதித்தார். கார் சத்தமில்லாமல் நின்றது. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் சொன்னார்:

“தகரத்த மொதல்லயே எடுத்து வச்சிருக்கலாமுங்க பாஸ்.”

நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன். கார் திரும்பி மேலே போனது. பஸ் வரும்வரைக்கும், நான் தகரத்தை வைப்பதற்குள் தொரை எழுதிய அந்த ஒன்றரை வரியில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.